ஐப்பசியில் பிரான்மலைக்குத் தனியே ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒரு நாள் காரைக்குடியிலிருந்து கிளம்பிப் போய்ப் பிரான்மலை உச்சி வரை தனியாக ஏறி இறங்குவது என் வழக்கம். ஒன்பது வருடமாக இது நடக்கிறது. முதலில் வீட்டில் கேள்வி கேட்டார்கள், அப்புறம் பக்கத்து வீட்டில், அப்புறம் கல்யாண வீடுகளில். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் நிதானமாகச் சொல்ல நினைத்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செட்டிநாட்டில் மலை ஏது?

நியாயமான கேள்வி. செம்மண் பொட்டல், கண்மாய், ஊருணி, நீள நீளமான வீடுகள் இவைதான் நம் பக்கம். தொடர்ச்சியான மலை கிடையாது. ஆனால் தரையிலிருந்து திடீரென்று எழுந்து தனித்தனியாக நிற்கும் குன்றுகள் உண்டு. குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பாறை, கோட்டை இருக்கிற திருமயம், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த பெரும் பாறைகளுக்கு நடுவே கோயில் இருக்கிற திருக்கோளக்குடி. இவையெல்லாம் அரை மணி நேரத்தில் ஏறிவிடக்கூடியவை.

பிரான்மலை அப்படியல்ல. சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் நம் வட்டாரத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே இந்த மலையில் நான்கு விளையும், அதனால் உங்களால் இதைப் பட்டினி போட முடியாது என்று கபிலர் சொல்கிறார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று எண்ணியும் காட்டுகிறார். புறநானூற்றின் 109ஆம் பாட்டு. ஏறப் போகிறவர்கள் முதல்நாள் இரவு ஒருமுறை படித்துவிட்டுப் படுங்கள். காலையில் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, முற்றுகை ஏன் நீண்டிருக்கும் என்று கண்ணுக்கே தெரியும்.

இலையுதிர் காலம் என்று நமக்கு ஒன்று இருக்கிறதா?

குளிர்நாடுகளில் செப்டம்பர், அக்டோபரில் இலை பழுத்து உதிர்கிறது. அங்கே மலையேறுகிறவர்களுக்கு அதுதான் ஆசையான பருவம். நம் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். அதே அக்டோபர், நவம்பரில் நமக்கு நடப்பது நேர்மாறு. புரட்டாசி வரை காய்ந்து கிடந்த மலை ஒரு பத்து நாளில் பச்சையாகிவிடும்.

நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தபோது ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் சேர்த்துக் கூதிர் என்றார்கள். மலையும் மலைசார்ந்த இடமுமான குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாக அந்தக் கூதிரையும் முன்பனியையும் சொன்னார்கள். மலைக்கு ஏற்ற பருவம் எது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். நம் மொழியிலேயே விடை இருக்கிறது.

மழைக்காலத்தில் மலை ஏறுவது ஆபத்து இல்லையா? எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது?

மழையில் ஏறக் கூடாது. மழைகளுக்கு இடையில் ஏற வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்வார்கள், ஆனால் மாதம் முழுக்க அடைத்துக்கொண்டு பெய்வதில்லை. நாலு நாள் பெய்தால் மூன்று நாள் வெறிக்கும். அப்படி வெறித்த இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ என் நாள். முதல் நாள் கூடாது. பாறை அதற்குள் காய்ந்திருக்காது.

வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட முன்னறிவிப்பை இரண்டு நாள் முன்பிருந்தே பார்க்கிறேன். சிவகங்கைக்கு மட்டும் பார்த்தால் போதாது. பிரான்மலை எல்லையோரம் இருப்பதால் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைக்கும் பார்க்க வேண்டும். இடியுடன் மழை என்று நான்கில் எதற்குப் போட்டிருந்தாலும் அன்றைக்குப் போவதில்லை. மூன்று வருடம் இப்படிக் கட்டிய பையை அவிழ்த்து வைத்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. அந்த நாளில் திருப்பத்தூரிலும், 27ஆம் தேதி காளையார்கோவிலிலும், 30ஆம் தேதி பசும்பொன்னிலும் பெருங்கூட்டம் கூடும். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் கட்டுப்பாடு இருக்கும், பேருந்துகளை மாற்றுவழியில் விடுவார்கள். மலைக்கு அந்த வாரத்தில் நாள் குறிக்காதீர்கள்.

காரைக்குடியிலிருந்து எப்படிப் போவது?

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், அங்கிருந்து சிங்கம்புணரி, அங்கிருந்து பிரான்மலை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே கிளம்பும் பேருந்தைப் பிடித்தால் ஏழரைக்குள் அடிவாரத்தில் இருக்கலாம். பொன்னமராவதி வழியாகவும் வரலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் திரும்பும்போது தூக்கம் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

1892இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நேஸ்மித் என்ற மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். நடக்கிற ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் தோராயம் போடுகிறார்கள். ஆனால் அது குளிர்நாட்டுக் கணக்கு. ஐப்பசியில்கூட ஒன்பது மணிக்கு மேல் நம் பாறை சுடும், காற்றில் ஈரம் இருப்பதால் வேர்வை உலராது. ஆகவே வந்த விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கோயில்களில் நின்று, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து ஏற எனக்கு இரண்டரை மணி நேரம். இறங்கவும் கிட்டத்தட்ட அதே நேரம். இறக்கம் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அக்டோபர் கடைசியில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மேற்குப் பக்கம் மேகம் இருந்தால் ஐந்தரைக்கே இருட்டு.

எதற்குத் தனியாகப் போக வேண்டும்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் நடக்காதவர்கள் இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி வரை நடந்தே போகிற ஊர்க்காரர்கள். நகரத்தார் காவடியோடு போகும் அந்தப் பாதயாத்திரையில் என் தாத்தா போயிருக்கிறார், நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே கால் வலித்தால் பக்கத்தில் நடப்பவரின் பாட்டு இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் எங்கே, தங்கல் எங்கே என்பதை நூற்றாண்டுகளாக யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். நாம் நடந்தால் போதும்.

தனியாகப் போகும்போது எல்லாவற்றையும் நாமே கவனிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு மிச்சம், மேகம் எந்தப் பக்கம், இந்தக் கல் ஆடுமா ஆடாதா. பேச்சுத் துணை இல்லாததால் கண்ணும் காதும் வேலை செய்யத் தொடங்கும். ஒரு வருடம் பாதையோரம் மண்ணில் சிவப்பாகப் புள்ளி ஒன்று நகர்ந்தது. குனிந்து பார்த்தால் பட்டுப்பூச்சி, மழைக்குப் பிறகு மட்டும் வெளியே வருமே, சங்கப் பாட்டில் மூதாய் என்று வருகிற அதே பூச்சி. குங்குமத்தில் தோய்த்த வெல்வெட் துணியை மிளகளவு கத்தரித்துப் போட்ட மாதிரி. ஒரு புல் தாளில் முக்கால்வாசி ஏறிவிட்டுப் பின்வாங்கி, வேறு தாளைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஏறியது. நான் பத்து நிமிடம் அங்கேயே குந்தியிருந்தேன். கூட ஆள் இருந்திருந்தால் பத்து நொடி பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம்.

இதற்குத்தான் தனியாகப் போகிறேன். யாரோடும் கோபம் இல்லை, துணை கிடைக்காமலும் இல்லை.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மூன்றாவது வருடம், “மலைக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்துர்றேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இறங்கும்போது ஈரப் பாறையில் இடது கணுக்கால் பிசகியது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஓர் அடி வைக்க மூன்று மூச்சு வேண்டியிருந்தது. காலையிலிருந்து போட்டோ எடுத்தே போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அடிவாரம் வந்து சேர ஆறே முக்கால். கோயில் வாசல் கடையில் போன் கேட்டு வாங்கிப் பேசினேன். அம்மா எடுத்ததும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. ஐந்து மணியிலிருந்து தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு தேடப் போயிருக்கிறான், திருக்கோளக்குடிக்கு. முந்தின மாதம் நான் அங்கே போயிருந்தேன், மலை என்றதும் அதுதான் என்று நினைத்துவிட்டான். நான் கால் இழுத்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் வேறு மலையில் டார்ச் அடித்து என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், குளிர்சாதனப் பெட்டிக் கதவில். போன வருடச் சீட்டு இப்படி இருந்தது: “பிரான்மலை. கோயில் வழியாக ஏற்றம், அதே வழியில் இறக்கம். 7.30 தொடக்கம். 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவேன். 2 மணிக்குக் கீழேயிருந்து போன். 3.30 வரை போன் வராவிட்டால் தம்பிக்குச் சொல்லவும். 4 மணிக்கு 112. ஆரஞ்சு நிறச் சட்டை, கறுப்புப் பை.”

இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். சின்னத் தாமதத்துக்கெல்லாம் வீடு கலங்கக் கூடாது. நான்கு மணி என்று முடித்திருப்பதும் காரணத்தோடுதான். தேடி வருகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேர வெளிச்சமாவது மிஞ்ச வேண்டும்.

சீட்டில் முக்கியமான வரி 11 மணி. உச்சிக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும் 11 அடித்தால் திரும்ப வேண்டும். அந்த நேரத்தை வீட்டு மேசையில் உட்கார்ந்து, வயிறு நிறைந்து, தெளிவாக இருக்கும்போது குறித்துவிடுங்கள். மேலே போன பிறகு முடிவெடுக்கலாம் என்று வைத்தால், கண்ணுக்கு எதிரே உச்சி தெரியும்போது யாருக்கும் திரும்ப மனசு வராது. எனக்கு வந்ததில்லை.

பெண் தனியாகப் போகலாமா?

நான் போகிறேன். பயமே இல்லை என்று சொன்னால் பொய். கோயில் வழியிலேயே போகிறேன், ஒற்றையடிக் கிளைப்பாதைகளில் நுழைவதில்லை. ஆள் நடமாட்டம் இருக்கும் காலை நேரத்தில் ஏறுகிறேன். கீழே யாரிடமாவது முகம் காட்டிப் பேசிவிட்டுப் போகிறேன். அடிவாரத்தில் பூக்கட்டும் அக்கா ஒருவர் முதல் வருடம் கேட்டார், “ஏந்தாயி, கூட யாரும் வரலையா?”

“இல்லக்கா, நான் மட்டுந்தான். ரெண்டு மணிக்குள்ள எறங்கிருவேன்.”

“எறங்குனா இங்கிட்டு ஒரு எட்டு தலையக் காட்டிட்டுப் போ. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

ஒன்பது வருடமும் தலையைக் காட்டிவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறேன். மேலே எதிரே வருகிறவர் பேச்சோ பார்வையோ சரியாகப் படவில்லை என்றால் காரணம் தேடாமல் இறங்கி, கோயில் பக்கம் வந்துவிடுங்கள். மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

வழி எப்படி இருக்கும்?

அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம், குன்றக்குடி ஆதீனத்தின் பராமரிப்பில் இருக்கிறது. பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்காகச் சன்னிதிகள். மேலடுக்கில் பாறையைக் குடைந்த கருவறையில் மங்கைபாகர், தேனம்மையோடு திருமணக் கோலத்தில். அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நான் மலையைத் தொடுவது.

கோயிலைத் தாண்டினால் கல்லும் புதருமாகப் பாதை மாறும். சில இடத்தில் மரநிழல், சில இடத்தில் மொட்டைப் பாறை. மேலே போகப் போகக் கையும் சேர்த்துப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் வரும். பாதை பிரிகிற இடத்தில் சந்தேகம் வந்தால், அதிகம் தேய்ந்து வழவழப்பான கல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் சரியான பக்கம். பல தலைமுறைக் கால்கள் தேய்த்தது. ஆனால் அதே வழவழப்புதான் மழை நாளில் வழுக்கிவிடும்.

ஈரப் பாறையைப் பார்த்துப் பழக வேண்டும். காய்ந்த பாறை சாம்பல் நிறத்தில், தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். நீர் வழிந்த தடம் கறுப்புக் கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கறுப்பு பாசி. பார்க்கக் காய்ந்திருந்தாலும் ஒரு தூறல் விழுந்தால் விளக்கெண்ணெய் தடவியது போல் ஆகிவிடும். என் கணுக்கால் போனது அப்படி ஒரு கோட்டில்தான், உள்ளங்கை அகலம்கூட இருக்காது. இப்போதெல்லாம் கறுப்புக் கோடு தெரிந்தால் தாண்டி வைக்கிறேன், தாண்ட முடியாவிட்டால் உட்கார்ந்து நகர்கிறேன். உட்கார்ந்து இறங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

என்ன செருப்புப் போடுவது?

அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ. விலை அதிகம் வேண்டாம், ஆனால் புதிது கூடாது, ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். ரப்பர் செருப்பு மழை நாளில் வேண்டவே வேண்டாம். கோயிலுக்குள்ளும் உச்சியிலும் கழற்ற வேண்டியிருப்பதால் சுலபமாக அவிழும் கயிறாக இருக்கட்டும். நகத்தை முதல்நாளே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் கட்டைவிரல் நகம் ஷூ முனையில் இடித்து நீலம் பாய்ந்தால் ஆறு மாதம் ஆகும் சரியாக.

எவ்வளவு தண்ணீர்? என்ன சாப்பாடு?

மூன்று லிட்டர். மேலே கடை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அதில் ஒரு லிட்டரில் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர். அளவு முக்கியம். உப்பைக் கூடப் போட்டால் நல்லதற்குப் பதில் கெடுதல் செய்யும். தலை கிறுகிறுப்பதற்கு முன்பே கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் குடியுங்கள்.

சாப்பாட்டுக்கு ஐப்பசியைப் போல ஒரு மாதம் கிடையாது. வீட்டில் தீபாவளிப் பலகாரம் இருக்கும். ஏறும்போது பையின் பக்கவாட்டில் எள்ளுருண்டை, அதிரசம். சீப்புச்சீடையும் தேன்குழலும் வாயை உலர்த்திவிடும், அவற்றை உச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாழையிலையில் மடித்த இட்லி. இரவே தடவி வைத்தால் பொடி உள்ளே இறங்கி, காலையில் மிருதுவாக இருக்கும். தயிர்சாதம் எடுத்துப்போகாதீர்கள், வெயிலில் புளித்துவிடும். புளியோதரை தாங்கும். இலையை அங்கேயே போடலாம்தானே என்று கேட்பார்கள். அதுவும் குரங்கைக் கூட்டி வரும். எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்து போடுங்கள்.

குரங்கு, பாம்பு, தேனீ?

குரங்குக்கு உங்கள் மீது விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கையில் இருக்கும் பை மீதுதான் கண். பிளாஸ்டிக் பை சலசலக்கிற சத்தம் கேட்டால் வரும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். குரங்குக்கடிக்கும் அதே ஊசிதான்.

பாம்பு விஷயத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளவை. பார்க்காமல் கல் இடுக்கில் கை வைக்காதீர்கள், புல் மூடிய இடத்தில் கம்பால் தட்டிவிட்டு நடங்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், மோதிரம் கொலுசு கழற்றி, 108. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. வேறு எங்கும் நேரத்தை விடாதீர்கள்.

எனக்குப் பயம் தேனீதான். பாறை விளிம்பின் அடியில் மலைத்தேனீ கட்டும் அடை, முறத்தைவிடப் பெரிதாகத் தொங்கும். பாரியின் மலை என்றால் தேன் இருக்கத்தானே செய்யும். அந்தப் பக்கம் சத்தம், புகை, கல் எறிதல், செண்டு வாசனை எதுவும் கூடாது. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுவதுதான், கையை வீசக் கூடாது.

செடிகளில் ஒன்றைச் சொல்லணும். கார்த்திகை நெருங்கும்போது புதர்களில் செங்காந்தள் பூக்கும், அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகத் தீ எரிகிற மாதிரி. நம் மாநில மலர். கிழங்கு முதல் விதை வரை எல்லாப் பாகமும் நஞ்சு. படம் எடுத்துக்கொள்ளுங்கள், பறிக்காதீர்கள்.

இடி இடித்தால் என்ன செய்வது?

அக்டோபர் மாத இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். 11 மணி என்று நான் குறித்ததற்கு இதுவும் காரணம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடிச்சத்தம் வந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். உச்சியை, மொட்டைப் பாறையை, தனி மரத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். குகை வாயிலிலும் பாறை விளிம்பின் கீழும் ஒண்டக் கூடாது, மின்னல் பாறை வழியாக அங்கே பாயும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை மேலே போகக் கூடாது.

உச்சியில் என்ன இருக்கிறது?

இசுலாமியப் பெரியவர் ஒருவரின் தர்கா இருக்கிறது. கீழே கொடுங்குன்றநாதரைக் கும்பிட்டவர்கள் மேலே வந்து இங்கேயும் வணங்குவார்கள். செருப்பைக் கழற்றி, தலையில் துண்டையோ முந்தானையையோ போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். சத்தம் போடாமல் இருந்தால் போதும்.

அப்புறம் காற்று. ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி வெப்பம் குறையும், அதோடு வேர்த்த சட்டையில் அந்தக் காற்று படும்போது உடம்பு சிலிர்க்கும். ஒரு காய்ந்த சட்டை எடுத்துப் போங்கள், மேலே போனதும் மாற்றுங்கள்.

கீழே பார்த்தால், மழை பெய்து நான்கைந்து நாளான கண்மாய்கள். புரட்டாசியில் வெறும் பழுப்புத் தரையாகத் தெரிந்த இடமெல்லாம் தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் அரைவட்டமாகக் கரை. ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்து அடுத்ததற்குப் போகும் கால்வாய் வெயிலில் கம்பி மாதிரி மின்னும். கீழே இருக்கும்போது ஒவ்வோர் ஊரும் தன் கண்மாய் என்று பேசும். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சரத்தில் கோத்த மாதிரி தெரிகிறது. சிங்கம்புணரிப் பக்கம் தென்னந்தோப்புகள், கயிறு திரிக்கிற ஊர் அது.

இறங்குவது சுலபம்தானே?

இல்லை. மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் தொடை நடுங்கும், முழங்கால் ஒவ்வோர் அடியிலும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும், கவனம் கலைந்திருக்கும், பாதி மனசு பேருந்தில் இருக்கும். என் இரண்டு விழுதல்களும் இறக்கத்தில்தான். சின்ன அடிகளாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். கையில் ஒரு கம்பு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள், களைப்பு இல்லாவிட்டாலும்.

கொடைக்கானல், குரங்கணி, வெள்ளியங்கிரிக்கும் இப்படித் தனியாகப் போகலாமா?

போகாதீர்கள். அது வேறு மலை, வேறு சட்டம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது வழித்தடங்களைத் திறந்து, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அங்கே வழிகாட்டி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம், யானையும் காட்டெருமையும் உள்ள காட்டில் அறிவீனமும்கூட. சதுரகிரி மாதிரி ஓடைகளைக் கடந்து போகும் மலைகளுக்கு மழைக்காலத்தில் போகவே கூடாது. மேலே பெய்யும் மழைக்குக் கீழே நொடியில் வெள்ளம் வரும்.

பிரான்மலையிலும் கோயில் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். அனுமதி வேண்டுமா என்ற சந்தேகம் வந்தால் அடிவாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அறுபது வயதுக்கு மேல் ஏறலாமா?

முதலில் குன்றக்குடிப் படிகளை வாரம் இரண்டு நாள், ஒரு மாதம் ஏறுங்கள். நிற்காமல் ஏறிப் பேசவும் முடிந்தால், திருக்கோளக்குடி. அப்புறம் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பிரான்மலை. மங்கைபாகர் சன்னிதி வரை போய்த் திரும்பினாலே நல்ல நடைதான்.

அடுத்த தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா?

போன வருடம் சித்தி மகள் இதைத்தான் கேட்டாள். இருபத்து நான்கு வயது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருக்கோளக்குடி மூன்றும் என்னோடு ஏறிப் பழகிவிட்டாள். கடைசியில், “அக்கா, நான் தனியாவே போறேனே” என்றாள். எனக்கு ஒரு நிமிடம் அடிவயிறு கலங்கியது. சரி என்றேன்.

ஐப்பசி கடைசி வாரம், மழை வெறித்த மூன்றாம் நாள். அவள் சீட்டு எழுதி என் கையில் கொடுத்தாள். நேரங்கள் எல்லாம் என்னுடையவைதான், சட்டை நிறம் மட்டும் மஞ்சள். அவள் ஏழரைக்குப் படியேறினாள். நான் பூக்கட்டும் அக்காவோடு கோயில் வாசலில் உட்கார்ந்து, அந்தத் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தேன். 11 மணிக்கு இப்போது திரும்பியிருப்பாள் என்று நினைத்தேன். 12 மணிக்கு மேற்கே கொஞ்சம் மேகம் சேர்ந்து கலைந்தது. அம்மா ஒன்பது வருடம் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒன்று ஐம்பதுக்குப் பூக்கார அக்கா நாரைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினார். “அங்கிட்டுப் பாரு தாயி, மஞ்சச் சட்டை.”